டேக் வாங்கினால் எல்பி-யின் இதம் வருமா?

“பாட்டு கணீர்னுதான்டா இருக்கு. ஆனா குரல்ல ஈரமே இல்லையே!”

போன பொங்கலுக்குத் திருச்சி போயிருந்தபோது அப்பா சொன்ன வார்த்தை இது. அவருக்கு 74 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. சம்பளத்தில் மளிகை, பள்ளிக்கூடக் கட்டணம் போக ஏதாவது மிஞ்சினால் ஒரு எல்பி வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடிந்ததும், எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் பி.சுசீலா பாடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் நாங்கள் பேசினால் ஒரு முறைப்பு கிடைக்கும்.

அந்த பிளேயர் 90-களில் ரிப்பேராகி, ஊசி கிடைக்காமல், பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ரெக்கார்டுகள் மட்டும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. நான் போன் வாங்கிக் கொடுத்தேன், ஆம்ப்ளிஃபையரோடு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் சில வருடங்களாக அப்பா பாட்டு கேட்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அதுதான் என்னை உறுத்தியது.

சென்னை திரும்பியதும் நேராக ரிச்சி தெருவுக்குப் போனேன். கதையைக் கேட்ட கடைக்காரர், “உங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல டேக் சார். இதுல வால்வு இருக்கு பாருங்க. அப்படியே எல்பி மாதிரி கேக்கும்” என்றார். விலை 18,000 ரூபாய். யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

அது தப்பு. அந்தத் தப்பிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். உங்கள் 18,000 ரூபாயாவது மிஞ்சட்டும்!

டேக் என்ன வேலை செய்கிறது?

போனிலும் லேப்டாப்பிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. சி.டி. தரம் என்றால், ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறித்து வைத்திருப்பார்கள். ஸ்பீக்கருக்கு எண் தெரியாது. ஏறி இறங்கும் மின்சாரம்தான் தெரியும். அந்த எண்களை மின் அலையாக மாற்றிக் கொடுப்பதுதான் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர். எழுத்தில் டி.ஏ.சி., பேச்சில் ‘டேக்’.

பாட்டு பாடும் ஒவ்வொரு டிஜிட்டல் பொருளுக்குள்ளும் இது ஏற்கெனவே இருக்கிறது. போனில், டி.வி-யில், புளூடூத் ஸ்பீக்கரில் எல்லாம் ஒரு குட்டி டேக் உண்டு. கடையில் விற்பது அதே வேலையைச் செய்யும் தனிப் பெட்டி.

இங்கேயே ஒரு செலவைத் தவிர்க்கலாம். உங்கள் வீட்டில் இருப்பது புளூடூத் ஸ்பீக்கரோ, புளூடூத் ஹெட்போனோ என்றால், போனிலிருந்து பாட்டு எண்களாகவேதான் காற்றில் போகிறது. அது மின் அலையாக மாறுவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் டேக்கில். நீங்கள் லட்ச ரூபாய்க்கு டேக் வாங்கி போனில் செருகினாலும் பாட்டு அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. ஒயர் போட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பயன்படும்.

எல்பி-யின் இதம் எங்கிருந்து வருகிறது?

நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்பி, 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டு வந்தது. அதில் பாட்டு என்பது ஒரு நெளிவான பள்ளம். அடித்தொண்டை ஒலி, அதாவது பேஸ், அதிகமானால் பள்ளத்தின் நெளிவு பெரிதாகும். அப்படியே வெட்டினால் பாட்டு தட்டில் இடம் கொள்ளாது, ஊசியும் பள்ளத்தை விட்டுத் துள்ளும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதை நேர்த் தலைகீழாகச் சரிசெய்யும். 1954 முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வந்தது.

இதோடு முடியவில்லை. ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற சீறும் ஒலிகள் கூர்மையாக இருந்தால் ஊசி கரகரக்கும். அதனால் எல்பி வெட்டும் பொறியாளர் அவற்றை முன்கூட்டியே தணித்துவிடுவார். ஆழமான பேஸை இடது, வலது என்று பிரிக்காமல் நடுவில் வைப்பார். பாட்டை அளவுக்கு மீறி உரக்க வைக்கவும் முடியாது. ஆக, எல்பி-க்கு வரும் பாட்டு ஏற்கெனவே கொஞ்சம் பக்குவப்படுத்தப்பட்டதாகத்தான் இருக்கும்.

பிறகு ஊசி தன் பங்குக்குச் சேர்க்கும் சமாசாரங்கள் உண்டு. இடது பக்க ஒலி வலது பக்கத்தில் லேசாகக் கசியும். ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் இரட்டிப்பு ஒலி துளி ஒட்டிக்கொள்ளும். அடியில் மெல்லிய ‘சரசர’ இருந்துகொண்டே இருக்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான தூரம் சி.டி-யில் சுமார் 96 டெசிபல். எல்பி-யில் 60 முதல் 70 வரைதான். அளவுகோல் வைத்துப் பார்த்தால் சி.டி-தான் துல்லியம். நாம் ‘இதம்’ என்று சொல்வது, பொறியாளரின் பக்குவமும் ஊசியின் சின்னச் சின்னக் குறைகளும் சேர்ந்த கலவை.

கவனியுங்கள், இதில் எங்குமே டேக் வரவில்லை. 

அப்படியானால் டிஜிட்டல் என்பது இந்த இதத்தைக் கொன்றுவிடுமா? இதற்கு நிஜ வாழ்க்கையிலேயே ஒரு பரீட்சை நடந்தது. அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்றொரு நிறுவனம், பழைய ஆல்பங்களை அசல் மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்து எல்பி-யாக மறுபடி வெளியிடுவதில் பேர் பெற்றது. டிஜிட்டல் வாடையே இல்லாத தயாரிப்பு என்று நம்பி, ஒரு ஆல்பத்துக்கு 100 டாலருக்கு மேல்கூடக் கொடுத்து வாங்கினார்கள் ரசிகர்கள். 2022 ஜூலையில் விஷயம் வெளியே வந்தது. 2011-லிருந்தே அவர்களின் பல வெளியீடுகளில் டேப்புக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு டிஜிட்டல் பதிவு இருந்திருக்கிறது. பாட்டு எண்ணாக மாறி, ஒரு டேக் வழியாக மறுபடி மின் அலையாகித்தான் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கிறது!

ரசிகர்கள் கொதித்தார்கள், வழக்கு வரை போனது. சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனால், அத்தனை வருடம் அந்தத் தட்டுகளைக் கேட்டு ‘இதுவல்லவோ அனலாக்கின் இதம்’ என்று உருகியவர்கள், நடுவில் டிஜிட்டல் இருப்பதைக் காதால் கண்டுபிடிக்கவில்லை. நல்ல டிஜிட்டல், இருக்கும் இதத்தை அப்படியே கடத்தும். இல்லாத இதத்தைக் கொண்டு வராது. டேக் ஒரு தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கிழிக்காமல், நனைக்காமல் கொண்டு வந்து சேர்த்தால் போதும். கடிதத்தில் இல்லாத பாசத்தை அவர் எழுதிச் சேர்க்க முடியாது.

வால்வு, ஏணி, ‘நாஸ்’... இதெல்லாம் என்ன?

‘எல்பி மாதிரி’ என்று சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் 3 வகை.

வால்வு வைத்த டேக்: பழைய ரேடியோவில் பார்த்த கண்ணாடிக் குழாய். சரியாக வடிவமைத்தால், முன்னே சொன்ன இரட்டிப்பு ஒலியைக் கொஞ்சம் சேர்க்கும். காதுக்கு அது பிடித்தமாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு சேர்க்கும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். சில மலிவுப் பெட்டிகளில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்.இ.டி. வைத்து ஒளிர விடுகிறார்கள். கண்ணுக்குக் கதகதப்பு, காதுக்கு ஒன்றும் இல்லை!

ஆர்-2-ஆர் டேக்: ரெசிஸ்டர்களை ஏணிப்படி மாதிரி அடுக்கி எண்ணை மின்சாரமாக்கும் பழைய முறை. இதன் ரசிகர்கள் உயிரை விடுவார்கள். நன்றாகச் செய்ய ரெசிஸ்டர்கள் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் விலை எகிறும்.

நாஸ் டேக்: ‘நான் ஓவர்சாம்ப்ளிங்’ என்பதன் சுருக்கம். வழக்கமான வடிகட்டும் வேலையைச் செய்யாமல் எண்களை நேரடியாக மாற்றும். இதனால் சி.டி. தரப் பாட்டில் 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுமார் 3 டெசிபல் குறையும். 10,000 ஹெர்ட்ஸில் குறைவது 1 டெசிபலுக்கும் கீழே. இந்த உச்சக் குறைவும் ‘இதம்’ என்று பேர் வாங்குகிறது. இதே குறைவை உங்கள் போனில் இருக்கும் ஈக்வலைசரில் காசில்லாமல் கொண்டு வரலாம்.

எங்கள் வீட்டுக் கண்கட்டு சோதனை

வால்வு டேக்கை வாங்கி வந்த அன்று எனக்கு ஒரே பரவசம். குரல் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. என் மனைவிதான் கேட்டாள்: “இது சத்தமா இருக்கிறதாலயா, நல்லா இருக்கிறதாலயா?”

நியாயமான கேள்வி. இரண்டு ஒலிகளில் ஒன்று இம்மியளவு உரக்க இருந்தாலும் நம் காது அதைத்தான் ‘நல்ல ஒலி’ என்று தேர்ந்தெடுக்கும். அதனால் சுமார் 1,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த, பொத்தான் அளவே உள்ள டைப்-சி டேக்கை எடுத்தோம். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டின் ஒலியளவையும் சமமாக்கினோம். நான் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார, மனைவி எனக்குப் பின்னால் நின்று, காசு சுண்டிப் பார்த்து ஒயரை மாற்றினாள். 10 முறை கேட்டேன். எது எது என்று 5 முறைதான் சரியாகச் சொன்னேன். கேட்காமலே குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் அதே 5 கிடைத்திருக்கும்.

கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். வேறு ஒருவருக்கு 11,000 ரூபாய்க்கு விற்றேன். பாடத்துக்குக் கட்டணம் 7,000!

சரி, டேக்கே வேண்டாமா?

வேண்டியவர்கள் உண்டு. ஹெட்போன் துளை இல்லாத போன், ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் வரும் லேப்டாப், ஆப்டிகல் துளை மட்டும் உள்ள டி.வி-யைப் பழைய ஆம்ப்ளிஃபையரோடு இணைக்க நினைப்பவர்கள், கனமான ஹெட்போன் வைத்திருந்து ஒலி போதாமல் தவிப்பவர்கள். இவர்களுக்கு டேக் உண்மையிலேயே உதவும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. துளைகள் பொருந்துகின்றனவா? போன், லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. டி.வி. என்றால் ஆப்டிகல். ஆம்ப்ளிஃபையருக்குப் போக சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் வேண்டும். பெட்டியில் 2 வோல்ட் வெளியீடு என்று போட்டிருந்தால் வீட்டு ஆம்ப்ளிஃபையருக்குச் சரியாக இருக்கும்.

2. பெரிய எண்களில் மயங்காதீர்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கேட்கப் போதும். 24 பிட், 96 இருந்தால் தாராளம். 32 பிட், 768 என்பதெல்லாம் அட்டைப்பெட்டிக்கு அழகு.

3. சிப்பின் பெயரும் அப்படித்தான். ஈ.எஸ்.எஸ்., ஏ.கே.எம்., சிரஸ் லாஜிக் எல்லாமே நல்ல சிப் செய்கிறவர்கள். சிப்பைச் சுற்றி இருக்கும் சர்க்யூட்டும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கிறது.

4. சின்ன டைப்-சி அடாப்டர் வாங்குகிறீர்களா? சிலவற்றில் டேக்கே இருக்காது, வெறும் ஒயர்தான். ‘டி.ஏ.சி. உள்ளது’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிளின் டைப்-சி ஹெட்போன் அடாப்டர் விலைக்கு மிக நல்ல சரக்கு. ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் அதில் ஒலி குறைவாக வரும். உங்கள் போனிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

5. டி.வி-யோடு இணைத்தபின் சத்தமே வரவில்லையா? டேக் கெட்டுப்போயிருக்காது. டி.வி-யின் ஆடியோ செட்டிங்கில் ‘பி.சி.எம்.’ என்று மாற்றுங்கள்.

6. லேப்டாப்பில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு டேக்கில் இல்லை, எர்த் இணைப்பில். ஆப்டிகல் ஒயரில் இணைக்க முடிந்தால் தீர்ந்துவிடும்.

இதத்தை எங்கே தேடுவது?

டேக்கில் மிச்சம் பிடித்த காசை ஸ்பீக்கரில் போடுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொரு ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், தள்ளி வைத்தால் குறையும். மொசைக் தரை, வெற்றுச் சுவர் உள்ள அறையில் எந்தப் பாட்டும் டம்ளரைத் தட்டிய மாதிரிதான் இருக்கும். ஒரு ஜமுக்காளமும் கனமான திரைச்சீலையும் செய்யும் மாயத்தை எந்த டேக்காலும் செய்ய முடியாது.

மெல்ல வைத்துக் கேட்கும்போது நம் காதுக்கு பேஸ் குறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான். இன்று ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 டெசிபல் கூட்டி, 5,000-க்கு மேலே 1 டெசிபல் குறைத்துப் பாருங்கள். செலவு பூஜ்யம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பது. ஒரே பழைய பாட்டு இணையத்தில் பல வடிவங்களில் கிடக்கிறது. சிலவற்றில் எக்கோ சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் மெல்லிய இடம், உரத்த இடம் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாவற்றையும் உரக்க ஏற்றியிருப்பார்கள். நாலு பதிப்பைக் கேட்டு, குரல் முன்னால் நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பா என்ன சொன்னார்?

அடுத்த முறை திருச்சி போனபோது ஈக்வலைசரில் உச்ச ஒலியை நன்றாகவே குறைத்துவிட்டு, ‘இதோ எல்பி இதம்’ என்று அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். “வாயில துணியை வச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வயதானால் பலருக்கும் வருவதுபோல, உச்ச ஒலிகள் அவருக்குக் குறைவாகக் கேட்கின்றன என்று பரிசோதனையில் தெரிந்தது. ச, ஸ, த போன்ற எழுத்துகளின் தெளிவு அந்த உச்சத்தில்தான் இருக்கிறது. அதையும் நான் குறைத்தால் பாட்டின் வார்த்தை எப்படிப் புரியும்? இளசுகளுக்கு இதமாக இருப்பது பெரியவர்களுக்கு மங்கலாக இருக்கலாம். வீட்டில் யாராவது பாட்டு கேட்பதை நிறுத்திவிட்டால், டேக் வாங்குவதற்கு முன்னால் காதைப் பரிசோதியுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நண்பன் ஒருவனிடம் நல்ல நிலையில் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு எல்பி-யை எடுத்துப்போய், துடைத்து, ஓடவிட்டு, லேப்டாப்பில் பதிவு செய்து கொண்டு வந்தேன். அதே போன், அதே ஸ்பீக்கர், அதே 1,000 ரூபாய் டேக். ஈக்வலைசரைத் தொடவில்லை. ஒன்றும் சொல்லாமல் போட்டேன்.

ஊசி இறங்கும் ‘சர்ர்’ சத்தம் வந்ததும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். எக்கோ இல்லாமல் குரல் முன்னால் வந்து நின்றது. ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். நடுவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பழைய முறைப்பு கிடைத்தது!

பாட்டு முடிந்ததும், “பெட்டியில இன்னும் முப்பது இருக்குடா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ” என்றார்.

7,000 ரூபாய் நஷ்டம் அப்போதே மறந்துபோனது. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ரெக்கார்டுகள் இருந்தால், அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில் நிற்கவைத்து அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும். நீங்கள் தேடும் இதம் அவற்றில்தான் இருக்கிறது.